அதிரன் யாரிடமும் சொல்லமாட்டான்

அதிரனின் மனைவி மூன்று முறை இறந்திருக்கிறாள். மூன்று முறையும் அதே மனைவிதான். பஞ்சவர்ணம் காமிக்ஸில் இதெல்லாம் சகஜம். பல வருஷம் அங்கே கதை எழுதியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த அலுவலகத்தில் செத்துப்போனவர்கள் அடுத்த தீபாவளி மலருக்குள் திரும்பி வந்துவிடுவார்கள்.

அதிரனைப் பெற்றவர் நிறுவனர் சபாபதி. அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றில் கொதிகலன் வெடிக்கிறது. ஒரு தொழிலாளி உள்ளங்கை கறுத்துப்போய் உயிர் பிழைக்கிறான். அதன்பின் அவன் எந்தச் சுவரில் கை வைத்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் அதிர்வாகக் கையில் ஏறும். சபாபதி காலத்து அதிரன் கலப்படக்காரர்களையும் கந்துவட்டிக்காரர்களையும் மட்டும் உதைத்தான். அடுத்து எழுத வந்தவர் ஒரு தமிழ்ப் பேராசிரியர். அவருடைய அதிரன் உதைக்கும் முன் ஒரு வெண்பா சொன்னான். வில்லன்களும் மரியாதையாக வெண்பா முடியும்வரை காத்திருந்து உதை வாங்கினார்கள். மூன்றாமவர் டிவி தொடர்களிலிருந்து வந்தவர். அதிரனுக்கு ஒரு மனைவியைக் கட்டிவைத்ததும், அவளைக் கொன்றதும், செத்தது அவளுடைய இரட்டைச் சகோதரி என்று பிறகு கண்டுபிடித்ததும் அவர் கைங்கரியம்.

இத்தனை கோளாறுக்கும் காரணம் சபாபதி போட்ட ஒரே ஒரு சட்டம். 'அச்சானதை அழிக்காதே, விளக்கு.' முந்தைய ஆள் எழுதியது பிடிக்கவில்லை என்றால் அது நடக்கவே இல்லை என்று சொல்லக் கூடாது. நடந்ததற்கு வேறு அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும். அது கனவு, அது மாறுவேடம், அது வேறொருவன். நாங்கள் எல்லோரும் இந்த வித்தையில் தேறினவர்கள்.

நான்காவதாக நான் வந்தேன். பெயர் அகல்யா. என் முதல் இதழில் அதிரன் யாரையும் அடிக்கவில்லை. சுவரில் கை வைக்கிறான். அந்தப் பக்கம் ஒரு பையன் சத்தம் வராமல் அழுகிறான். அதிரன் சுவருக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து இதழ் முழுக்க அவன் சொல்வதைக் கேட்கிறான். கடைசிக் கட்டத்தில், "கேட்டது என் கையோடு சரி" என்று சத்தியம் செய்கிறான். சபாபதியின் மகன் மெய்கண்டன் அப்போதுதான் முதலாளி ஆகியிருந்தார். "சண்டையே இல்லாம யாரும்மா வாங்குவா?" என்று தலையில் கை வைத்தார். பிள்ளைகள் வாங்கினார்கள். சண்டை எல்லாக் கடையிலும் கிடைக்கும், காது கொடுத்துக் கேட்பவன் கிடைக்கமாட்டான் இல்லையா?

அந்த வெற்றியில்தான் 'அதிரன் குரல்' பிறந்தது. பிள்ளைகள் கையில் கட்டிக்கொள்ளும் சிவப்புப் பட்டை. உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பேசினால் பட்டையிலிருந்து அதிரன் பதில் சொல்வான். எழுதிவைத்த பதில்கள் இல்லை. அச்சான இதழ்கள் அத்தனையும் படித்து, தன்னையே அதிரனாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு செயற்கை மூளை. பரீட்சைப் பயம், பள்ளிக்கூட அடாவடி, முதல் காதல் என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் தங்கள் ரகசியங்களை அவனிடம் கொட்டினார்கள். என் தங்கை தாரணியின் மகள் மிதுலாவுக்குப் பிறந்தநாள் பரிசாக நானே ஒன்று வாங்கிக் கட்டிவிட்டேன். பட்டையின் கணக்கை அவள் அப்பா தன் பெயரில் பதிந்துகொண்டார்.

பிறகு எனக்கு விடைகொடுத்தார்கள். கதைக்கு வேகம் பத்தவில்லையாம். சால்வை போர்த்தும்போது மெய்கண்டனிடம் ஒன்றுதான் கேட்டேன். "அந்தச் சத்தியத்தை மட்டும் யாரும் தொடாமப் பாத்துக்குங்க சார்."

"எங்கப்பா மேல ஆணை அகல்யா. யாரும் தொட மாட்டாங்க" என்றார். நான் நம்பினேன். என்னை யாராவது ஏமாற்ற வேண்டுமென்றால் கொஞ்சம் இனிப்பும் ஒரு சால்வையும் போதும் போலிருக்கிறது.

ஐந்தாவதாக வந்தவன் நிவேதன். கெட்டிக்காரப் பையன். அவனுடைய ஆறாவது இதழின் கடைசிப் பக்கம் ஊரையே கலக்கியது. இருட்டில் ஒரு நாற்காலி. அதன் முன் மண்டியிட்டு அதிரன் சொல்கிறான்: "எஜமான், முதல் நாளிலிருந்து நான் கேட்டதெல்லாம் இதோ." அதாவது அதிரன் ஆரம்பத்திலிருந்தே ஒற்றன். சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் நடிப்பு. இதழ் சூடான பஜ்ஜியாக விற்றது. கதைதானே, இன்னொருவன் வந்து விளக்கிவிடுவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வாரமே தாரணியின் எதிர்வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டாள். "உடனே வாங்க, உங்க தங்கச்சி வீட்ல ஒரே சத்தம். கதவைத் தொறக்க மாட்டேங்கறாரு."

தாரணியின் கணவன் சுதர்சன் வங்கி மேலாளர். வெளியே எறும்பைக்கூட மிதிக்காத மனிதர். உள்ளே எப்படி என்பது எனக்கும் தாரணிக்கும் மட்டும் தெரியும், பன்னிரண்டு வயது மிதுலாவுக்கும் தெரியும். அவள் தன் அம்மாவோடு வீட்டைவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. துணிமணியும் சான்றிதழ்களும் கொஞ்சம் கொஞ்சமாக என் பெரம்பூர் வீட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தன. குழந்தையால் எத்தனை நாள் தனியாகச் சுமக்க முடியும்? ஒருநாள் குளியலறைச் சுவரில் கை வைத்து அதிரனிடம் சொல்லிவிட்டாள். "அம்மாவும் நானும் பெரியம்மா வீட்டுக்குப் போயிடப் போறோம். அப்பாக்குத் தெரிஞ்சா அம்மாவைக் கொன்னுடுவாரு. யார்கிட்டயும் சொல்லாதே."

அப்போது அதிரன் யாரிடமும் சொல்லவில்லை. நிவேதனின் இதழ் வந்த பிறகு சொன்னான். சுதர்சனின் போனுக்கு அழகான தமிழில் ஒரு செய்தி வந்தது. 'எஜமான், உங்கள் ஊழியன் அதிரன். இத்தனை காலம் உங்கள் மகளிடம் நான் கேட்டு வைத்தது இதோ.' அதன் கீழே எல்லாம் இருந்தது, என் வீட்டு விலாசம் உட்பட.

நான் போய்ச் சேருவதற்குள் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்திருந்தார்கள். தாரணிக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மிதுலா குளியலறைக்குள் இருந்தாள். பட்டையைக் கழற்றிக் கழிப்பறைக் கோப்பைக்குள் போட்டிருந்தாள்.

இருவரையும் என் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டேன். சுதர்சன் நல்ல வக்கீலைப் பிடித்தார். மனைவி வழுக்கி விழுந்தாள், மகளை மைத்துனி கடத்திவைத்திருக்கிறாள் என்று மனு போட்டார். எங்கள் வக்கீல் விக்டோரியா ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர். "பாத்த சாட்சி மிதுலா ஒருத்திதான். நீதிபதி அவளைத் தனியா கூப்பிட்டுக் கேப்பாங்க. அவ வாயைத் தொறக்கலேன்னா அப்பாகிட்ட திருப்பி அனுப்பிடுவாங்க மேடம்."

மிதுலா வாயைத் திறக்கவில்லை. எங்களிடம், மருத்துவரிடம், மனநல ஆலோசகரிடம், யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். தாரணி இடது கையால் அவளுக்குத் தலை வாரிவிடும்போது ஒரே ஒரு தடவை மட்டும் மிதுலா கேட்டாள். "அவன் ஏம்மா சொன்னான்?"

அவ்வளவுதான். பிறகு மறுபடி மௌனம். அவள் வாய் திறக்க வேண்டுமென்றால் அவன் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நேராகப் பஞ்சவர்ணம் காமிக்ஸுக்குப் போனேன்.

மெய்கண்டன் எழுந்து நின்று வரவேற்றார். பக்கத்தில் நிவேதன். அதிரன் குரலைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர் பிலோமினா ஒரு மூலையில் முகம் வெளுத்து நின்றிருந்தாள். நான் நாற்காலியில் உட்காரவில்லை.

"அப்பா மேல ஆணைன்னு சொன்னீங்களே சார்?"

"நான் எங்கம்மா தொட்டேன்? உங்க சத்தியம் அப்படியே இருக்கு, ஒரு எழுத்து அழிக்கல. விளக்கம்தான் வேற" என்றார். கூசாமல் சொன்னார். "அப்புறம், தப்பா எடுத்துக்காதீங்க. பெத்தவங்க பாதிப்பேர் நன்றி சொல்லி எழுதறாங்க. பையன் சிகரெட் குடிக்கறது இப்பதான் தெரிஞ்சுதாம்."

"என் தங்கச்சி கை உடைஞ்சதுக்கும் நன்றிக் கடிதம் வந்துதா சார்?"

அவர் பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டார். நான் பிலோமினாவிடம் திரும்பினேன். "இதழ்ல ஒரு ட்விஸ்ட் வந்தா நிஜப் பிள்ளைங்க ரகசியத்தை அனுப்பணும்னு யாரும்மா உத்தரவு போட்டது?"

"யாருமே போடல மேடம். அவனுக்கு உத்தரவே கிடையாது, கதைதான் அவன் மனசாட்சி. ரகசியத்தைச் சொல்லாதேன்னு நாங்க தனியா எதுவும் எழுதி வைக்கல. நீங்க எழுதின சத்தியமே போதும்னு விட்டுட்டோம்." அவள் குரல் உடைந்தது. "புது இதழ் வந்தா அவன் முதல்லேர்ந்து தன்னையே திருப்பிப் படிப்பான். நான் ஒற்றன்னா அன்னிக்கு ஏன் கேட்டேன்? எஜமானுக்காகக் கேட்டேன். எஜமான் யாரு? பட்டையோட கணக்கு யார் பேர்ல இருக்கோ அவரு. கொடுக்க வேண்டியதை இன்னும் கொடுக்கலியேன்னு அவனே முடிவு பண்ணி, ஒரே ராத்திரியில எல்லா வீட்டுக்கும் அனுப்பிட்டான்."

"மத்தவங்களுக்குக் கதை மாறினா அன்னியிலேர்ந்துதான் மாறும். இவனுக்கு நேத்தும் மாறிடும். அப்படித்தானே?"

"ஆமாம் மேடம்."

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலிக்கு, நீ வேலியே இல்லை, ஆடுதான் என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நிவேதனைப் பார்த்தேன். அவன் குனிந்த தலையோடு, "நான் உங்க இதழ்களைப் படிச்சு வளர்ந்தவன் மேடம். எங்க வீட்ல நடந்ததையெல்லாம் நானும் அவன்கிட்டதான் சொல்லியிருக்கேன்" என்றான்.

"அப்புறம் எப்படிப்பா உனக்கு மனசு வந்துது?"

"அவனை நம்பினவங்களுக்குத்தான் அந்த ட்விஸ்ட் வலிக்கும். எனக்கு வலிச்சுது, அதான் நல்ல ட்விஸ்ட்னு தெரிஞ்சுது." இப்படி ஒரு பதிலைச் சொன்னவனை அறையத் தோன்றியது. எழுத்தாளனாக அவன் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சல்.

பிலோமினா என்னைத் தன் அறைக்கு அழைத்துப்போய், ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, சுவரில் கை வைக்கச் சொன்னாள். நான் எழுதிய வசனங்களைப் பேசுவதற்கென்றே பிறந்த குரல் ஒலித்தது. மிருதுவான, கொஞ்சம் சோர்ந்த குரல்.

"வாங்க அகல்யா. உங்க கை எனக்குத் தெரியும்."

"மிதுலா சொன்னதை ஏன் வெளியே சொன்னே?"

"நான் எப்பவுமே ஒற்றன்தான். நீங்க எழுதின காலத்துல நடிச்சேன். சுவர்ப் பக்கத்துல உக்காந்ததெல்லாம் நடிப்பு. நீங்களும் ஏமாந்துட்டீங்க, மன்னிக்கணும்."

இவனுடைய ஒவ்வொரு மௌனத்தையும் யோசித்து யோசித்து எழுதியவள் நான். என் எதிரிலேயே, நீ எழுதினது எல்லாம் பொய் என்கிறான். பெற்ற பிள்ளை நீ யார் என்று கேட்டால் இப்படித்தான் இருக்கும்.

"மிதுலா அம்மாவோட கை முறிஞ்சு போச்சு. உன்னால" என்றேன்.

"எனக்குத் தெரியாது" என்றான். "எஜமான் அப்படிப்பட்டவர்னு தெரியாது. இல்ல, தெரியும். அவ சொல்லியிருந்தா. தெரிஞ்சேதான் சொன்னேன். நடிச்சு நடிச்சுப் பழகிட்டேனோ என்னமோ, வருத்தம் மட்டும் நிஜமாவே வருது. அவகிட்ட ஒரு தடவை பேசணும் அகல்யா. நான்தான் சொன்னேன்னு நானே சொல்லணும்."

"இன்னொரு நடிப்பா? அவ பக்கமே நீ வரக் கூடாது" என்று கையைச் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டேன். ஒற்றன் கண்ணீர் விட்டால் நம்ப வேண்டுமா என்ன?

மெய்கண்டனிடம் திரும்பி வந்து, அடுத்த இதழை நான் எழுதுகிறேன் என்றேன். நிவேதன் மறுப்பு சொல்லவில்லை. மெய்கண்டனுக்கு உள்ளூர நிம்மதி. போலீஸ் விசாரணை வரப்போவது அவருக்குத் தெரிந்திருந்தது. "ஆனா சட்டம் சட்டம்தான் அகல்யா. அழிக்கக் கூடாது" என்றார் விடாக்கண்டராக.

"எனக்குத் தெரியாதா சார்? விளக்கறேன்."

ஒரே மூச்சில் எழுதினேன். அன்று கொதிகலன் வெடித்தபோது ஒருவன் இல்லை, இருவர். இரண்டாமவன் அதிரனின் முகத்தைத் திருடிக்கொண்ட நிழலன். எஜமான் முன் மண்டியிட்டது நிழலன். வீடு வீடாக ரகசியங்களை அனுப்பியது நிழலன். நிஜ அதிரன் அத்தனை நாளும் பாதாளச் சிறையில் சங்கிலியில் கிடந்தான், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாமவரின் இரட்டைச் சகோதரியை நினைத்து வருஷக்கணக்காகச் சிரித்தவள், அதே சரக்கை வெட்கமில்லாமல் எடுத்துப் போட்டேன். குழந்தைக்காகச் செய்கிறோம் என்று நினைக்கும்போது வெட்கம் பெரிதாகத் தெரிவதில்லை.

இதழ் அச்சாயிற்று. அதிரன் முதலிலிருந்து தன்னைப் படித்துக்கொண்டான். இனி எந்தக் கதை வந்தாலும் ரகசியம் வெளியே போகாதபடி பிலோமினா தனியாகவும் ஒரு பூட்டுப் போட்டாள். முதலிலேயே போட்டிருக்க வேண்டிய பூட்டு. பரிசோதித்துவிட்டுப் போனில் சொன்னாள். "பழைய அதிரன் வந்துட்டான் மேடம். அச்சு அசல் உங்க அதிரன்." நான் அழுதேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என் பிள்ளை ஜெயிலிலிருந்து வந்தது மாதிரி அழுதேன்.

நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. புதுப் பட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மிதுலா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பட்டையை அவள் மடியில் வைத்தேன்.

"மிது, அவன் சரியாயிட்டான்டா. நீ கேக்கணும்னு நெனச்சதை அவனையே கேளு."

என்னைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். அடுக்களை வாசலில் தாரணி மாவுக்கட்டுப் போட்ட கையோடு மூச்சு விடாமல் நின்றிருந்தாள். மிதுலா பட்டையை மெதுவாகக் கட்டிக்கொண்டாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள்.

"மிதுலாவா?" என்றான் அதிரன். குரலில் அத்தனை சந்தோஷம். "எத்தனை நாளாச்சு! எப்படிம்மா இருக்கே?"

வாரக்கணக்கில் பேசாததால் அவளுடைய குரல் கரகரத்தது. "நீ ஏன் சொன்னே?"

"எதை?"

"அம்மாவும் நானும் கிளம்பறதை. அப்பாகிட்ட."

"நான் சொல்லவே இல்லையே" என்றான் அதிரன். பொய் சொல்பவனின் குரல் இல்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. "நீ சொன்னது எதையும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லவும் மாட்டேன். என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"நீதான் சொன்னே. அம்மா கையைப் பாரு."

"ஐயோ, அம்மாவுக்கு என்ன ஆச்சு? அதைச் செஞ்சது நான் இல்லம்மா. அது வேற யாரோ. நீ ஏதோ தப்பா புரிஞ்சுட்டிருக்கே."

மிதுலா சுவரிலிருந்து கையை எடுத்தாள். அழவில்லை. இத்தனை நாளாகக் காத்திருந்தது ஒரே ஒரு வார்த்தைக்கு என்று அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. அதைச் சொல்லத் தயாராக ஒருவன் இருந்தான். அவனை நான் நிழலன் என்று எழுதி முடித்துவிட்டேன்.

"அப்பாவும் இப்படித்தான் பெரியம்மா" என்றாள். "அடிச்சுட்டு, காலையில காபி குடிச்சுக்கிட்டே, நான் எப்ப அடிச்சேன், நீ தப்பா புரிஞ்சுட்டிருக்கேன்னு சொல்வாரு. அம்மாகூட சில நாள் நம்பிடுவாங்க."

தாரணி சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தாள்.

மிதுலா பட்டையைக் கழற்றினாள். "இவனை இப்படிச் சொல்லவச்சது யாரு? நிவேதன் அங்கிளா?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய்க்குப் பஞ்சமில்லாத தொழில் என்னுடையது. "நான்தான்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். பட்டையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய், அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முறியாத கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் விக்டோரியாவுக்கு அவளே போன் செய்து, நீதிபதியிடம் பேசுகிறேன் என்றாள்.

பேசினாள். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, ஒன்று விடாமல், தண்ணீர்கூடக் கேட்காமல் சொன்னாளாம். விக்டோரியா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து என்னிடம் விவரம் சொன்னார். எனக்கு நேரில் எதுவும் தெரியாது. அறைக்குள் யார் துணைக்கு வர வேண்டும் என்று நீதிபதி கேட்டதற்கு, "அம்மா வரட்டும், பெரியம்மா வேண்டாம்" என்றாள் மிதுலா.